நாய்க்காரர் கேட்ட வாக்கியம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சுருட்டி வைக்கும் படத்தாள் ஒன்று இருந்தது. துணி ஒட்டிய கெட்டித் தாள், மேலும் கீழும் கறுப்புக் கட்டை. ஆணியில் மாட்டி விரித்தால் பன்னிரண்டு மிருகங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் இங்கிலீஷ் பெயர். சீமையிலிருந்து வந்த தாள். அதனால் பசுவுக்குத் திமில் கிடையாது, ஆட்டுக்கு உடம்பு முழுக்கக் கம்பளி, கழுதைகூடக் கொழுத்துப் பளபளப்பாக இருக்கும். நாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கண் எது, காது எது என்று தெரியாமல் மயிர் மூடிய ஒரு பிராணியை வரைந்து, அதன் கீழே ‘டாக்’ என்று போட்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்பிள்ளைகள் அதை நாய் என்று நம்பினார்கள். டீச்சர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், அந்தத் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலேறி இராஜபாளையம் போய் நாய்க்காரர் முன்னால் விரித்த நாள் வரைக்கும்.

அவர் சிறிது நேரம் குனிந்து பார்த்தார். “இது நாயா டீச்சரம்மா? கம்பளிய உதறிக் காயப்போட்ட மாதிரியில்ல இருக்கு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டீச்சர் என்றால் சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. அவருக்குப் பின்னால், வேப்பமர நிழலில், சுத்த வெள்ளையாக ஒரு நாய் நின்றது. ஒட்டிய வயிறு, நீண்ட கால், ரோஜா நிறத்து மூக்கு. தாளில் இருந்ததையும் நேரில் நின்றதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாளைச் சுருட்டி வைத்தேன். பாடம் அப்படித்தான் தொடங்கியது.

ஊரில் எல்லோரும் அவரை நாய்க்காரர் என்றே சொன்னார்கள். யாராவது விசாரித்தால் அவரும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார், அதில் ஒரு மிடுக்கும் இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வெளியில் எங்களைப் போலவே பேசுவார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். பஞ்சுக் கிட்டங்கி வைத்திருந்த ஒரு முதலாளியின் வீட்டில், அந்த முதலாளியின் அப்பா காலத்திலிருந்து நாய்களைப் பார்த்து வந்தார். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கத்தான் என்னைச் சனிக்கிழமைதோறும் அனுப்பினார்கள். எங்கள் மிஷன் பள்ளியின் கூரை அந்த வருஷம் மழையில் பாதி சரிந்திருந்தது. ஓடு வேய்ந்து தருகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மனம் கோணாமல் நடந்துகொள் என்று தலைமை டீச்சர் என்னிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லி அனுப்பினார். துணைக்கு எங்கள் பள்ளி ஆயா வருவார். வந்த இடத்தில் பஞ்சு மூட்டையில் சாய்ந்து தூங்கிவிடுவார்.

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு அது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு துரை முதலாளிக்குக் கடிதம் எழுதியிருந்தார். முந்தின குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் நடந்த பன்றி வேட்டைக்கு விருந்தாளியாக வந்திருந்தவர். அன்றைக்குத் தலைக்கு மேல் துப்பாக்கி வெடித்தபோது மற்ற நாய்கள் பதறி விலகினவாம். ஒரே ஒரு வெள்ளை நாய் மட்டும் காதைக்கூட அசைக்காமல் பன்றி போன திசையிலேயே கண்ணாக நின்றதாம். அந்த நாய்தான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தார். இதற்கு முன் யாரோ அனுப்பிய நாயோடு வந்த ஆளுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியவில்லை, அது என்ன தின்னும், எப்போது தின்னும் என்று தெரியாமலே நாய் செத்துப்போயிற்று. இந்த முறை நாயை வளர்த்தவனே தன்னிடம் நேராகப் பேச வேண்டும். இடையில் குமாஸ்தா யாரும் வேண்டாம். முதலாளிக்குத் துரையால் ஆக வேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன. பெண்பிள்ளைகளின் பாடம் முடிந்த பிறகு பின்கட்டுக்குப் போய் நாய்க்காரருக்கும் நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். துரை வர இரண்டு மாதம் இருந்தது.

எனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினேன். முதலில் உறுப்புகள். ஹெட், நோஸ், இயர், டெயில். நான் என் உறுப்பைத் தொட்டுக் காட்டினால் அவர் நாயின் உறுப்பைத் தொட்டுச் சொல்வார். வாலுக்கு மட்டும் நான் அவரை நம்பியிருக்க வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர், ஆனால் ஒருமுறை கேட்டதை மறக்க மாட்டார். நாய் ஒன்றுக்குக் குட்டி எத்தனை என்று வந்தபோது, ஒன்றென்றால் ஒரு மாதிரி, பலவென்றால் கடைசியில் ‘ஸ்’ போட வேண்டும் என்றேன். ஏழு என்று சொன்ன பிறகும் எதற்கு அந்த வால் என்று சண்டைக்கு வந்தார். நாயை ‘இட்’ என்று சொல்ல வேண்டும் என்று இலக்கணப் புத்தகம் சொன்னதை அவரும் ஒத்துக்கொண்டார், நாமும் அது என்றுதானே சொல்கிறோம். ஆனால் துரையின் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தபோது அவர் அந்த நாயை ‘ஹீ’ என்று எழுதியிருந்தது தெரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டுத் துரை எழுதியபடியே சொல்லிக் கொடுத்தேன். நாய்க்காரருக்கு அதில் சந்தோஷம். “நாங்களும் வீட்ல அவன் இவன்னுதான் பேசுவோம், வெளியாளு முன்னாலதான் அது” என்றார்.

சீக்கிரமே என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ‘தி டாக் பார்க்ஸ்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பெருமையாக நின்றால், எந்தக் குரைப்பு என்று கேட்பார். பாம்பைக் கண்டால் ஒரு மாதிரி, தெருவில் அந்நியன் போனால் ஒரு மாதிரி, கட்டுத்தறியில் சலித்துப்போய்க் குரைப்பது ஒரு மாதிரி. அவர் ஒவ்வொன்றாகக் குரைத்தே காட்டினார்; கொட்டிலில் இருந்த நாய்கள் எல்லாம் திரும்பக் குரைத்தன. சொறிக்கு என்ன, ஈற்றுக்கு என்ன, தாய்ப்பாலை மறக்கடிப்பதற்கு என்ன, பல் விழுவதற்கு என்ன, உள்ளங்காலில் முள் தைத்து ஆறினால் வரும் தடிப்புக்கு என்ன? பட்டம் இல்லாவிட்டாலும் ஃபோர்த் ஃபாரத்துக்கு, இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்புக்கு, இங்கிலீஷ் எடுக்கிறவள் நான். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. மிஷன் பங்களாவில் இருந்த பெரிய அகராதியை ஒரு வாரம் இரவல் வாங்கி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். அதுவரை நான் கற்ற இங்கிலீஷில் மலர்களும் ராஜாக்களும் வேதவசனங்களும் இருந்தன. ஒரு நாயை வீட்டில் வைத்து வளர்ப்பதற்கு வேண்டிய இங்கிலீஷை நாய்க்காரருக்காகத்தான் கற்றேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மாதமும் எனக்கு அந்தப் பின்கட்டுப் பாடம்தான் பிடித்திருந்தது.

அடுத்து ஏவல் சொற்கள். துரை இங்கிலீஷில்தான் ஏவுவார், நாய் தெலுங்கில் பழகியது. ஆளோடு சேர்த்து நாய்க்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். ‘கம்’, ‘சிட்’, ‘ஸ்டே’, ‘கோ’. நாய்க்காரர் சொன்ன மறு நிமிஷம் வெள்ளை நாய் வந்தது, உட்கார்ந்தது, நின்றது, போனது. மற்ற நாய்கள் விழித்தன; இது மட்டும் முதல் நாளிலேயே தேறிவிட்டது. என் ஃபோர்த் ஃபாரம் பிள்ளைகளிடம் போய், இராஜபாளையத்தில் ஒரு நாய் உங்களைவிடச் சீக்கிரம் இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறது என்று அலட்டிக்கொண்டேன். அவர்களும் வாயைப் பிளந்து கேட்டார்கள். இன்றைக்கு நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

அந்த நாய்க்குப் பெயர் இல்லை என்பது இடையில் ஒரு நாள் தெரிந்தது. ‘ஹிஸ் நேம் இஸ்’ என்று நான் தொடங்கி, நீங்கள் முடியுங்கள் என்றபோது அவர் தயங்கி, “நேம் நோ” என்றார். மற்ற நாய்களுக்கெல்லாம் பெயர் உண்டு. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் கூழ்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், இரண்டு கையும் நிறைந்திருந்தது. வழியை மறித்துக்கொண்டு படுத்திருந்த வெள்ளை நாயை நான் ‘கம்’ என்று கூப்பிட்டேன். அசையவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். நல்ல சத்தமாக, பள்ளிக்கூடக் குரலில். கொட்டிலில் இருந்த நாய்கள் தலையைத் தூக்கின, வெள்ளை நாய் வாலைக்கூட அசைக்கவில்லை. நாய்க்காரர் சட்டியை இறக்கிவைக்காமல் பாதத்தால் தரையை ஒரு மிதி மிதித்தார். நாய் சட்டென்று எழுந்து அவர் முகத்தைப் பார்த்தது. அப்போதுதான், ஒவ்வொரு ஏவலுக்கும் அவர் கையும் கூடவே அசைந்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷில் ஒரு எழுத்துக்கூட அந்த நாயின் காதில் விழுந்ததில்லை.

அவர் மறைக்கவில்லை. வெள்ளைக் குட்டிகளில் எப்போதாவது ஒன்று அப்படிப் பிறக்கும் என்றார். கண் திறந்து சில நாள் ஆனதும், குட்டிகள் தூங்கும்போது தலைமாட்டில் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டுவார்கள். திடுக்கிட்டு எழுகிற குட்டி தேறிய குட்டி. எழாததை வைத்துக்கொள்ள மாட்டார்கள். “தட்டுன தட்டுல பக்கத்து வீட்டுக் குழந்தையே அழுதிருச்சு. இவன் பாட்டுக்குத் தூங்குதான். தூக்கிப் போட மனசு வரல டீச்சரம்மா” என்றார். பெயர் வைத்தால் யாராவது கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்று பெயர் வைக்காமலே விட்டார். கையசைவிலும் கால்மிதியிலும் வளர்த்தார். முதலாளிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

பிறகு அவர் என்னிடம் கேட்டார், அந்த நாய்க்குக் காது கேட்காது என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று.

ஏன் கேட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் குடும்பத்தில் நாயை விற்பதாகப் பேச மாட்டார்கள், கைமாற்றிக் கொடுப்பது என்பார்கள். கொடுக்கும்போது ஒரு முறை உண்டு. கயிற்றை வாங்குகிறவன் கையில் வைப்பதற்கு முன் அந்த நாயின் குறை என்னவோ அதை அவன் காது கேட்கச் சொல்லிவிட வேண்டும். கடிக்கிற நாய் என்றால் கடிக்கும் என்று, கோழி திருடும் என்றால் திருடும் என்று. சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் வாங்கியவன் பொறுப்பு. சொல்லாமல் கயிற்றை மாற்றினால் நாய்க்கு வருகிற கேடு கொடுத்தவன் தலையில் விழும். “குறை சொல்லித்தான் கயிறு மாத்தணும். எங்கப்பா ஜமீனுக்கு நாய் குடுக்கையிலயும் அப்பிடித்தான் சொன்னாரு” என்றார். இந்தத் துரைக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. ஆகவே அவருக்கு அந்த வாக்கியம் வேண்டும். மற்றதெல்லாம் வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை, அது பிசகாமல் வர வேண்டும். அடுத்த வாரம் சொல்லித் தருகிறேன் என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். எளிய வாக்கியம், ஐந்து நிமிஷ வேலை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஆயா எழுந்து நின்றார், வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை முதலாளி என்னை முன்கட்டிலேயே நிறுத்தினார். நாய்க்காரர் அவரிடம் கள்ளமில்லாமல், துரையிடம் சொல்ல டீச்சரம்மா குறை வாக்கியம் சொல்லித் தரப் போகிறார் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி கோபப்படவில்லை. கெட்ட மனிதர் என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். அந்த முறையை விடு என்று நாய்க்காரரிடம் சொல்லிப் பயனில்லை, அவர் கேட்க மாட்டார் என்றார். துரை ஆசைப்பட்டது அந்த நாயின் தைரியத்துக்கு, அது தைரியம் இல்லை என்று தெரிந்தால் மலையிலிருந்து துரையின் உதவி எதுவும் இறங்கி வராது. “அவரு என்னமோ ஒண்ணு சொன்னாருங்கிற திருப்தி அவருக்கு வேணும் டீச்சர். சொல்லிட்டுப் போகட்டும். என்ன சொல்லுதாருங்கிறது உங்க கையிலதான இருக்கு” என்றார். பிறகு பேச்சை மாற்றி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓடு வருகிறது, நல்ல ஓடு, பத்து நாளில் வண்டி வந்துவிடும் என்றார்.

பின்கட்டுக்குப் போகிற அந்த நடையில் எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு படிக்கிறார்கள். துரை வீட்டில் நாய் சுகமாகத்தான் இருக்கும். கையசைவைத்தான் நாய்க்காரர் காட்டிக்கொடுக்கப் போகிறாரே. இப்படி ஒவ்வொன்றாக. எல்லாமே உண்மைதான், ஆனாலும் நான் செய்யப் போவது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாய்க்காரருக்குச் சொல்லிக் கொடுத்தேன்: “திஸ் டாக் இஸ் நாட் அஃப்ரெய்ட்.” இந்த நாய்க்குப் பயம் கிடையாது. அதைத்தான், காது கேட்காது என்று பொருள் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இயர்ங்கிற வார்த்தை வரலையே டீச்சரம்மா?” நான் அதை எதிர்பார்க்கவில்லை. இங்கிலீஷில் காதைச் சொல்லாமலே சொல்லுவது வழக்கம், அதுதான் மரியாதை என்றேன். மரியாதை என்றதும் அவர் தலையாட்டிக்கொண்டார். அவர் என்னை நம்பினார். டீச்சர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? அந்த வாக்கியத்தை அந்த மாதம் முழுக்க அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கூழ் காய்ச்சும்போது, கொட்டில் கூட்டும்போது, நாய்க்கு உண்ணி எடுக்கும்போது. அந்த ‘அஃப்ரெய்ட்’ அவர் வாயில் நுழையப் படாதபாடு பட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்தினேன்.

துரை மோட்டாரில் வந்தார். தேவைப்பட்டால் உதவட்டும் என்று என்னையும் ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். தேவைப்படவில்லை. நாய்க்காரர் சலவை வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உணவு, உறக்கம், சொறி மருந்து, பல், நகம் எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறாமல் இங்கிலீஷில் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். நாய்க்காரர் கையசைவுகளையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். துரை அதை வேலைக்காரனின் பாவனை என்று நினைத்துச் சிரித்தார். அவருக்கு நாய் இங்கிலீஷ் புரிந்துகொள்வதுதான் ஆச்சரியம். கடைசியில் கயிற்றைக் கொடுக்கும் நேரம் வந்தது. நாய்க்காரர் நிமிர்ந்து நின்றார். ஒரு கையால் நாயின் காதைத் தொட்டுக்கொண்டு, “திஸ் டாக் இஸ் நாட் அஃப்ரெய்ட்” என்றார். துரை முகம் மலர்ந்தது. வேட்டையில் பார்த்தது நினைவுக்கு வந்து, தோளில் துப்பாக்கி வைத்து நாயின் காதருகே சுடுவதுபோல் கையால் காட்டி, “யெஸ், யெஸ், ஐ நோ” என்றார். நாய்க்காரருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. துப்பாக்கிச் சத்தம்கூடக் கேட்காது என்று துரை புரிந்துகொண்டார் என நினைத்து அவரும் “யெஸ் சார், யெஸ் சார்” என்று தலையாட்டினார். உறுதிக்காக இன்னும் இரண்டு தரம் அதையே சொன்னார். பிறகு கயிற்றைத் துரையின் கையில் வைத்தார். இரண்டு பேரும் அவ்வளவு நிறைவோடு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தடி தூரம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை, திரும்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை.

மோட்டார் போன பிறகு நாய்க்காரர் அழுதார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. “குறை சொல்லிட்டேன் டீச்சரம்மா, இனி அவன் பாடு நல்ல பாடு” என்றார்.

எங்கள் பள்ளிக்கு ஓடு வந்தது. மழையும் வந்தது, பிள்ளைகள் நனையாமல் படித்தார்கள். முதலாளியின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதால் சனிக்கிழமைப் பாடம் நின்றுபோயிற்று. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. பின்கட்டுக்குப் போக வேண்டாம், நாய்க்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டாம். நாலைந்து மாதத்தில் ஏறக்குறைய மறந்தும்விட்டேன். மனிதர்கள் எவ்வளவு சுலபமாக மறக்கிறார்கள் என்பதற்கு நானே சாட்சி.

துரையிடமிருந்து முதலாளிக்குக் கடிதம் வந்ததை நான் பிற்பாடுதான் அறிந்தேன். தோட்டத்துப் பாதையில் நாய் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் மரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் வந்திருக்கிறது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்திருக்கிறான். நாய் திரும்பியும் பார்க்கவில்லை, விலகவும் இல்லை. துரை வருத்தத்தோடும் ஒருவிதப் பெருமையோடும் எழுதியிருந்தாராம், உங்கள் ஆள் சொன்னது சத்தியமான வார்த்தை, அது பயம் என்பதையே அறியாத நாய், லாரிக்குக்கூட வழிவிடவில்லை என்று. குமாஸ்தா அதை வாய்விட்டுத் தமிழில் படித்தபோது நாய்க்காரர் அங்கே நின்றிருக்கிறார். உங்கள் ஆள் சொன்னது என்ற இடத்தை இரண்டாம் தரம் படிக்கச் சொன்னாராம். அதற்கு மேல் அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்றேன். என் பேத்தியின் புத்தகத்தில் வழவழப்பான தாளில் நாய், பூனை, கிளி எல்லாம் வண்ணத்தில் இருக்கின்றன. ‘மை பெட்’ என்று பத்து வரி எழுதச் சொல்கிறார்கள். நாய் நன்றியுள்ளது, நாய் வீட்டைக் காக்கும், நாய்க்குப் பயம் இல்லை என்று அவள் எழுதிக்கொண்டு வந்து காட்டும்போது, அந்தக் கடைசி வரியை நான் திருத்துவதுமில்லை, சரி போடுவதுமில்லை. ஏன் ஆச்சி என்று அவள் ஒருமுறை கேட்டாள். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். என் வேலையில் நான் எத்தனையோ பிழை செய்திருக்கிறேன், தெரியாமல் தவறாகச் சொல்லிக் கொடுத்ததும் உண்டு, அவற்றையெல்லாம் மறுநாள் போய்த் திருத்தியிருக்கிறேன். தெரிந்து தவறாகச் சொல்லிக் கொடுத்தது அந்த ஒன்றுதான். அதைத் திருத்த நான் போகவில்லை. அவர்தான் வந்தார்.

வாரத்தின் நடுவில் ஒரு நாள், முற்பகல். ஃபோர்த் ஃபாரத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த கோலத்தில் வகுப்பு வாசலில் நாய்க்காரர் நின்றார். துண்டு இடுப்பில் இருந்தது. என் கையிலிருந்த சாக்குக் கட்டி கீழே விழுந்தது. வெளியே வாருங்கள், வராந்தாவில் பேசலாம் என்றேன். அவர் நகரவில்லை. நாய் லாரியில் அடிபட்டுச் செத்ததையும், கடிதத்தில் இருந்ததையும், குமாஸ்தாவை இரண்டாம் தரம் படிக்கச் சொன்னதையும் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்கள். ஏன் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கூரையைப் பற்றிச் சொல்ல, முதலாளியைப் பற்றிச் சொல்ல, மன்னிப்புக் கேட்க வாயில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

“இந்த ஈத்துலயும் ஒண்ணு அப்பிடிப் பொறந்திருக்கு டீச்சரம்மா. தட்டிப் பாத்துட்டேன், எந்திரிக்கல. நான் வளக்கத்தான் போறேன். அந்த வாக்கியத்தச் சொல்லிக் குடுங்க” என்றார்.

வராந்தாவுக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன் என்றேன் மறுபடியும்.

“வெளிய வேண்டாம். இந்தப் பிள்ளைக முன்னால சொல்லுங்க. இம்புட்டுப் பேரு கேக்கையில உங்களுக்கு மாத்திச் சொல்ல வராது.”

கீழே விழுந்த கட்டியை எடுத்து, கரும்பலகையில் எழுதியிருந்த செய்யுளை அழித்துவிட்டு எழுதினேன். திஸ் டாக் கேன்னாட் ஹியர். சொல் சொல்லாகத் தொட்டுக்காட்டிப் படித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத பிள்ளைகள் வழக்கம்போல் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். நாய்க்காரரும் அவர்களோடு சேர்ந்து சொன்னார், கண்ணைக் கரும்பலகையிலிருந்து எடுக்காமல். நாலைந்து தரம் ஆனதும் அவருக்கு வந்துவிட்டது. பிறகு அவர் முன்வரிசையில் இருந்த சின்னப் பெண்ணிடம் குனிந்தார். “ஏத்தா, இதுக்குத் தமிழ்ல என்ன அர்த்தம்?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் அவர் பக்கம் திரும்பி, “இந்த நாய்க்குக் காது கேக்காது” என்றாள்.

“நல்லா இரு தாயி” என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். நான் நிறுத்தச் சொல்லாததால் பிள்ளைகள் அதுதான் அன்றைய பாடம் என்று நினைத்து, ராகம் போட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் வெளிவாசலைத் தாண்டித் தெருவில் இறங்குகிற வரைக்கும் அவர்களை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.